கதவு சுட்ட நாள்

ஆற்று வெள்ளம் என் சுண்ணாம்புக் கடையிலும் பின்கட்டு வீட்டிலும் புகுந்தது. மூன்றாம் நாள் தெருவில் வடிந்தது. பூட்டைத் திறக்கப் போன என் கையை நீ பிடித்து நிறுத்தினாய். நடந்தது இவ்வளவுதான். ஏன் நிறுத்தினாய் என்பதுதான் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. இன்று காலை எதிர்வீட்டில் வெள்ளையடிக்கச் சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் ஊற்றினார்கள். அது கொதித்து எழுந்த ஆவி மூக்கில் ஏறியதும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒரு வருஷமாகிறது; எந்த விலாசத்துக்கு என்று கேட்காதே.

பழவேற்காட்டு ஏரியில் கிளிஞ்சல் வாரிச் சுட்டு, புதுவாயலில் என் கடைக்கு மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டவன் நீ. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிக் கட்டடங்கள் எழும்பிய காலம். சரக்கு நிற்காது. எட்டு வருஷத்தில் நமக்குள் பேரம் இல்லாத பேச்சே கிடையாது. மழை வரும்போல் இருக்கிறது என்று நீ சொன்னால்கூட, விலையை ஏற்றப் பார்க்கிறாய் என்றுதான் என் காதில் விழும்.

அன்றும் அப்படித்தான் விழுந்தது. என் மனைவிக்கு எட்டாம் மாசம். பள்ளிக்கூடத்து ஈரத் தரையில் மூன்று நாளாக ஊராரோடு படுத்திருந்தாள், இருமல் வேறு. பொழுது சாய்வதற்குள் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், எனக்கு வேறு நினைப்பில்லை. நீ கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "தொறக்காத நைனா, கதவு சுடுது" என்றாய்.

"மூணு நாளு தண்ணில ஊறின கதவு சுடுமா? இன்னாத்துக்கு அடி போடற?"

"படி ஒசரம், உள்ள இன்னும் தண்ணி நிக்குது. அடி மூட்டைங்க ஊதிப்போய் சாஞ்சிகினு இருக்கும். மேல் மூட்டைங்க காஞ்சது. தொறந்தா அதுங்க தண்ணில உழும், உன் கண்ணு அவிஞ்சிரும்."

சுண்ணாம்பு விற்கிறவனுக்கே சுண்ணாம்புப் பாடமா என்று கத்தினேன். நீ பின்பக்கம் போய், முழங்கால் சேற்றில் நின்று, தண்ணீர் வெளியேறச் சுவரின் அடியைக் கடப்பாரையால் இடித்தாய். உன்னைத் திட்டிக்கொண்டே பின்னால் வந்ததால் நான் தப்பினேன். நாலாவது இடியில் உள்ளே மூட்டைகள் சரிந்தன. உலை பொங்குவதுபோல் ஒரு சத்தம். பிறகு வந்து பார்த்தால், முன்கதவின் இடுக்கு வழியே கொதிக்கிற சுண்ணாம்பு சீறி, நான் நின்றிருந்த படியெல்லாம் வெள்ளையாகிவிட்டது.

நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் நீ, "தண்ணி பட்டு வெந்த சுண்ணாம்ப நான் எடுத்துக்கினு போறேன், இன்னா சொல்ற?" என்றாய்.

இதற்குத்தான் தடுத்தாயா? நான் திறந்து வெந்திருந்தாலும் அந்தச் சுண்ணாம்பு உனக்குக் கிடைத்திருக்குமே! பிறகு விசாரித்தேன். பாதியை விற்றாயாம். மீதியை உங்கள் குப்பத்தில் வெள்ளம் புகுந்த வீடுகளுக்கெல்லாம் சும்மா பூசிக் கொடுத்தாயாம். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? உன்னையே கேட்டிருக்கலாம். கேட்டால் அதற்கும் ஒரு விலை சொல்வாயோ என்று விட்டுவிட்டேன். இப்போதும் அடைத்துக் கிடந்த எந்தக் கதவையும் உள்ளங்கை வைத்துப் பார்க்காமல் நான் திறப்பதில்லை, பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

அன்று தெருவில் நின்றபடியே பேசி முடித்தோம். வெந்த சுண்ணாம்பு முழுதும் உனக்கு, வண்டிக் கூலியும் உன் பாடு. தரை காய்ந்த பிறகு சுவரையும் கரண்டு ஒயரையும் பார்த்துவிட்டு, முதலில் நீ உள்ளே போய் வர வேண்டும். கடைசி ஷரத்தை நான் கேட்கவில்லை, நீயாகச் சேர்த்தாய்: நீ சொல்லும்வரை என் மனைவி படி மிதிக்கக் கூடாது, அதுவரை மேட்டுத்தெருவில் உன் அக்கா வீட்டுக் கட்டில் அவளுக்கு.