மேட்டு இடத்துக்கான வரிசை

அக். 5, ஞாயிறு

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை, புழுக்கம்தான். இன்றைய வேலை: கார் நிறுத்த மேட்டு இடம் கேட்பவர்களின் பதிவு.

முடிச்சூர்ப் பக்கம் ஃப்ளாட் வாங்கியவனுக்கு மழைக்காலம் என்றாலே கண் மேட்டைத் தேடும். எங்கள் வளாகத்தில் வீடுகள் நாற்பது, பின்பக்க மேட்டில் நிற்கக்கூடிய கார்கள் பன்னிரண்டு. மற்றதெல்லாம் பள்ளம். போன மழையில் என் கார் ஸ்டீயரிங் வரை முங்கியது. பெருங்களத்தூர் பாலத்தில் கொண்டுபோய் விடலாம் என்று போனால் எனக்கு முன்னால் ஊரே அங்கே நின்றது. அதனால் இந்த வருடம் முதலில் பதிவு செய்பவருக்கு முதல் இடம் என்று குடியிருப்போர் சங்கத்தில் முடிவு.

செயலாளர் டேனியல் சார், ஏ-1, ரிடையர்ட் கணக்கு வாத்தியார். நோட்டில் எழுதலாம் என்றார். நோட்டெல்லாம் எந்தக் காலம் சார் என்று நான்தான் லேப்டாப்போடு கீழே உட்கார்ந்தேன். ஆபீஸில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. ஆறு மாதமாகப் பைத்தான் என்கிற புரோகிராம் மொழி கற்றுக்கொள்கிறேன். தெரிந்ததைக் காட்டாமல் இருக்க முடியுமா? கறுப்புத் திரையைத் திறந்து, வந்தவர் வந்த வரிசையில் வீட்டு எண்ணைச் சேர்த்துக்கொண்டே போனேன். இருபத்தேழு பேர். நான், டி-12, நான்காவது. எல்லோரையும் வரிசையில் நிறுத்திவிட்டு டேனியல் சார் கடைசியாக வந்தார்.

சாயங்காலம் இரண்டு பட்டியல் தேவைப்பட்டது. இடம் ஒதுக்க வந்த வரிசை ஒன்று. பெயர் சரிபார்க்க வீட்டு எண் வரிசை ஒன்று. பட்டியலை அடுக்குகிற sort கட்டளையைப் போட்டு விடையைப் புதுப் பெயரில் வாங்கினேன். None என்று வந்தது. ஒன்றுமில்லையாம். மேஜையில் ஒரு குத்து. மனைவி ஹேமா உள்ளேயிருந்து, லேப்டாப் போன தடவை மாதிரி உடைந்துவிடப் போகிறது என்றாள். பிறகு நெட்டில் தேடி sorted என்று போட்டேன், அடுக்கிய பட்டியல் வந்தது. இரண்டையும் சங்க மெயிலில் போட்டாயிற்று. பாஸ்வேர்டு எனக்கும் டேனியல் சாருக்கும் மட்டும்தான் தெரியும். அனுப்பியதைத் திறந்து பார்க்கவில்லை. பசி.

அக். 8, புதன்

எழுத்து கோணலாக வருகிறது.

ஒதுக்கீடு போர்டில் ஒட்டியிருந்தது. முதல் இடம் ஏ-1. அடுத்து ஏ-3, ஏ-4. அப்படியே பி பிளாக்கோடு பன்னிரண்டு முடிந்தது. டி பிளாக்கில் ஒருவர்கூட இல்லை. கடைசியாக வந்த மனுஷன் முதலில்! என்னைத் தவிர அந்த மெயிலைத் திறந்து பட்டியலை மாற்றக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

டேனியல் சார் மேட்டுப் பக்கம் சுண்ணாம்பில் எண் போட்டுக்கொண்டிருந்தார். சட்டையைப் பிடித்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"தம்பி, நீ அனுப்புனதத்தான் ஒட்டினேன். என் பேரு எப்படி மேல வந்துதுன்னு நானே உன்னைக் கேக்கணும்னு இருந்தேன்."

நடிக்கிறான் கிழவன் என்றுதான் பட்டது. அறைந்தேன். கண்ணாடி பறந்தது. இன்னொன்று. கையை மறித்தார், தள்ளினேன். சரிவின் விளிம்பில் வலது மணிக்கட்டு மடங்க விழுந்தார். காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். வாயில் ரத்தம்.

டி-7 சுரேஷை நான்தான் கூப்பிட்டேன், திருட்டுப் பய இடத்தைத் தூக்கிட்டான்டா என்று. செங்கல்லை எடுத்து அவர் கார் முன்கண்ணாடியில் போட்டான். கண்ணாடி முழுசாக உள்ளே இறங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதவே வெட்கம், ஆனால் இருந்தது.

அக். 9, வியாழன்

வெயில். ஆபீஸ் லீவு.

உடைந்தவை: அவர் மூக்குக்கண்ணாடி. கார்க் கண்ணாடி. மணிக்கட்டு, இரண்டு இடத்தில். முன்பல் ஒன்று. என் சட்டைப் பட்டன்.

தாம்பரத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாராம். போலீசுக்குப் போகவில்லை. திருடினவன் எந்த முகத்தோடு போவான் என்று வாட்ஸப் குரூப்பில் சுரேஷ். அதற்குப் பதினெட்டு கட்டைவிரல். காலையில் தண்ணி லாரிக்காரர் வாட்ச்மேனிடம், "பெரிய மன்சன், வாத்தியாரு வேற. இன்னா வேல பண்ணிக்கீறாரு பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஹேமாவிடமிருந்து தோசை மட்டும் வந்தது.

அக். 11, சனி

விடாத மழை. பால் வாங்க வேண்டும், செருப்பு அறுந்துவிட்டது.

மதியம் பைத்தான் பாடம். மூன்று எண்கள், 9, 2, 5. sort. அதே None. எரிச்சலில் பட்டியலின் பெயரையே அடித்துப் பார்த்தேன். 2, 5, 9.

வேறு மூன்று எண்களைப் போட்டுப் பார்த்தேன், அப்படியேதான்.

அது விடை எதுவும் தராது. ஆனால் பட்டியலை இருந்த இடத்திலேயே கலைத்து அடுக்கிவிடும். ஒன்றும் வராததால் ஒன்றும் நடக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு வந்த வரிசை அந்த நொடியிலேயே அழிந்துபோயிற்று. நான் அனுப்பிய இரண்டு பட்டியலும் ஒன்றேதான். ஏ-1 முதலில் வந்தது, அது ஏ-1 என்பதால்.

நான் டைப் செய்த வரிகளைப் பைத்தானே ஒரு மறைவான ஃபைலில் சேர்த்து வைக்கும். திறந்தேன். இருபத்தேழு வரி. நான்காவது டி-12. இருபத்தேழாவது ஏ-1. அடுத்த வரி, sort.

பாத்ரூம் சுவரில் குத்தினேன். விரல் முட்டி பிளந்து டைல்ஸெல்லாம் ரத்தம். என்னை நானே அடித்துக் கொன்றால் தேவலை என்றிருந்தது. ஆனால் அடுத்த நிமிடமே இன்னொரு புத்தி: ஃபைலை அழித்தால் யாருக்குத் தெரியும்? இந்த வளாகத்தில் இதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். விரல் டிலீட் மேலேயே இருந்தது.

ஹேமா துணி சுற்ற வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். திரையைப் பார்த்தபடியே துணியைக் கட்டி முடித்தாள்.

"அவர அடிச்ச அதே கையாலதான இதையும் அழிக்கப் போறீங்க?"

அழிக்கவில்லை.

அக். 12, ஞாயிறு

தூறல். ஏ-1 வாசலில் வீட்டு புரோக்கர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். விற்கப் போகிறார்கள். பன்னிரண்டு வருடம் இருந்த வீட்டை, என் ஒரு வரியால்.

அவர் மனைவி கதவைப் பாதிதான் திறந்தார். சார் சொன்னதும் விட்டார். கையில் மாவுக்கட்டு, உதடு இன்னும் வீக்கம். லேப்டாப்பில் காட்டினேன். இன்னொரு முறை செய் என்றார். செய்தேன். கணக்கைச் சரிபார்க்கிற முகம். மன்னிப்பு கேட்டேன்.

"எனக்குப் புரிஞ்சுது. புரிய வேண்டியது எனக்கில்ல தம்பி. அஞ்சு மணிக்குக் கீழ எல்லாரும் வருவாங்க."

ஐந்து மணி. முப்பது பேர் இருக்கும். சொன்னேன். பைத்தானையெல்லாம் விட்டுவிட்டு, தப்பு என்னுடையது, அவர் தொடவே இல்லை என்று சொன்னேன். முதல் அடி சுரேஷுடையது.

"உன்ன நம்பித்தானேடா கல்லத் தூக்கினேன். மனுஷனாடா நீ?"

மூக்கில் ஒன்று, விலாவில் இரண்டு. கீழே விழுந்தபின் யாருடைய கால் என்று தெரியவில்லை. நான் கையைத் தூக்கவில்லை. டேனியல் சார் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. தடுத்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

அக். 19, ஞாயிறு

வெயில், சேறு காயவில்லை. விலா இருமினால் வலிக்கிறது.

என் இருபத்தேழு வரியை யாரும் நம்பத் தயாராக இல்லை. மறுபதிவு. நீளமான நோட்டு, பால்பாயிண்ட் பேனா. டேனியல் சார்தான் எழுதினார், இடது கையால், ஒவ்வொரு எழுத்தாக, கோணல்மாணலாக. அதற்காக யாரும் அவசரப்படுத்தவில்லை. வீடு விற்பதை விட்டாரா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

எல்லோரும் போகட்டும் என்று கடைசியில் நின்றேன். என் முறை வந்தது. அவர் நிமிரவில்லை.

"எந்த வீடு?"

ஏழு வருடமாக என் வீடு அவருக்குத் தெரியும். என் கிரகப்பிரவேசத்தில் வாசலில் நின்று பந்தி விசாரித்தவர்.

"டி பன்னண்டு, சார்."

எழுதினார். நோட்டை மூடினார்.