ஆறு தடவை அம்மா

தூர தேசத்து நர்ஸம்மாவுக்கு, இங்கே உலகம் அழிந்துபோன செய்தியோடு உன் வீட்டுக்காரன் எழுதுவது.

பயப்படாதே, அழிந்தது சினிமாவில்தான். நானும் சின்னவளும் சௌக்கியம். இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடட்டுமா, சின்னவள் என்னைத் தேடுகிறாளா என்று கேட்டிருந்தாய். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மூடிக் கிடக்கிற பழைய மில்லில் படம் எடுக்கிறார்கள். பெரியவர்கள் எல்லோரும் செத்துப்போய், அவர்களைப் பார்த்தே அறியாத பிள்ளைகள் மட்டும் மிஞ்சிய உலகம். நம் சின்னவளும் அதில் ஒருத்தி. அவளுக்குத் துணையாகப் போன இந்தத் தையல்காரனை டைரக்டர் தம்பி சும்மா விடவில்லை. புதுத் துணிகளைக் கந்தலாக்கும் வேலை கொடுத்துவிட்டார். இத்தனை வருஷமாக என்னத்தைக் கிழித்தீர்கள் என்று கேட்பாயே, இனி நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்: பன்னிரண்டு சட்டை, ஒன்பது கவுன்.

மில்லுக்குள் போனால் யாருடைய கனவுக்குள்ளோ தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி இருக்கிறது. சலித்த சாம்பலை மேலிருந்து தூவுகிறார்கள். உடைந்த கூரை வழியே வெயில் இறங்கி, சாம்பல் மினுமினுத்து மிதக்கிறது. அதற்குள் பிள்ளைகள் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல நடக்கிறார்கள். நாம்தான் எப்போதோ செத்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றும். தோன்றியதில் தப்பில்லை, பிணமாக நடிக்கவும் என்னையே படுக்க வைத்தார்கள். இந்த முகத்துக்கு மேக்கப்பே வேண்டாம் என்று மேக்கப்காரம்மா சொன்னதை உன் அண்ணனிடம் சொல்லிவிடாதே.

சின்னவள் ஓடிவந்து என் காலில் தடுக்கி விழ வேண்டும், எழுந்து போக வேண்டும். அவ்வளவுதான் காட்சி. விழுந்தவள் “அம்மா” என்றாள். டைரக்டர் தம்பி அவள் எதிரே மண்டியிட்டு, “கண்ணு, இந்த உலகத்துல யாருக்கும் அம்மாவே கிடையாது. அந்த வார்த்தையே உனக்குத் தெரியாது” என்றார். தலையாட்டினாள். மறுபடி விழுந்தாள், மறுபடி அம்மா. ஆறு தடவை! அடிபட்டால் வேறு என்னத்தைச் சொல்வது? நாற்பத்தெட்டு வயதில் ஊசி குத்தினால் நானும் அதையேதான் சொல்கிறேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. பிணம் சிரிக்கிறது என்று காமிராக்காரர் புகார் செய்தார்.

ஏழாவது தடவை கண்ணை மூடிக் காத்திருந்தேன். காலடி ஓடி வந்தது, என் காலில் இடித்தது, தொப்பென்று விழுந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. சாம்பல் விழுகிற சத்தம்கூடக் கேட்கும்போல இருந்தது. பிறகு எல்லோரும் கைதட்டினார்கள்.

அது சனிக்கிழமை. நேற்று வீட்டு நிலைப்படியில் இடித்துக்கொண்டாள். கால் நகம் பெயர்ந்து ரத்தம். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஏண்டி சத்தமே போடவில்லை என்று கேட்டேன்.

“பழகிடுச்சுப்பா.”

பஞ்சு வைத்துக் கட்டிவிட்டேன். தையல்காரன் போட்ட கட்டு. விரல் தலைப்பாகை கட்டிய மாதிரி நிற்கிறது.

நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். பேனாவை மூடி வைத்துவிட்டு, முதலில் ஒரு தடவை வந்து போ. எனக்காக இல்லை, பிணத்துக்கு என்ன குறை? அந்தக் கட்டை அவிழ்த்துச் சரியாகப் போட ஒரு நர்ஸ் வேண்டும். மருந்து வைக்கும்போது எரியும். அப்போதாவது வாய்விட்டுக் கத்தட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக வந்து சேர்.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும்
உன் வீட்டுக்காரன்