பீரோவுக்குள் ஓர் உறுமல்

ஜூலை 12, சனி

வெயில். காற்றே இல்லை. அசிங்கத்தை முதலில் எழுதித் தொலைத்துவிடுகிறேன். காலையில் உறுமல் பயிற்சி. பாதியில் பக்கத்து வீட்டு சாந்தா அக்கா ஓமத் தண்ணீரோடு வந்து நின்றார். "பாவம், தெனமும் இப்படி வாந்தி எடுக்கிறீங்களே, டாக்டர்கிட்ட காட்டலையா?" ஐம்பது வயதில் டெத் மெட்டல், அதாவது உறுமியே பாடும் ராக் பாட்டு, பாடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஏதோ ஒத்துக்கலக்கா" என்றேன். அவர் கண்முன்னாலேயே முழு டம்ளரும் குடித்தேன். மீனா சமையலறைக்கு ஓடிப்போய்ச் சிரித்தாள். கட்டிய மனைவி.

ஜூலை 13, ஞாயிறு

ரெக்கார்டிங். ஸ்டுடியோ: எங்கள் ஊரப்பாக்கம் வீட்டுப் படுக்கையறை. பாடும் இடம்: மீனாவின் மர பீரோ. இடுப்புக்கு மேலே உள்ளே, கால்கள் வெளியே. பட்டுப்புடவைகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்பது பிரபுவின் கண்டுபிடிப்பு. பிரபு: ராஜகீழ்ப்பாக்கம். கிடார், மிக்ஸிங் இரண்டும் அவன். என்னைவிட மிகவும் இளையவன், அதை மறக்க விடாதவன். டிரம்ஸுக்கு ஆள் கிடையாது, கம்ப்யூட்டர். எங்கள் குழுவில் சொன்ன நேரத்துக்கு வருவது அது ஒன்றுதான்.

மீனாவின் நிபந்தனை: "அரக்குப் பட்டு மேல ஒரு சொட்டு எச்சில் பட்டுதுன்னு வெச்சுக்கோங்க, அடுத்த தடவை இந்தச் சத்தமெல்லாம் மொட்டை மாடியிலதான்."

அந்துருண்டை நெடி. 'ஏரி உடைந்த ராத்திரி' பாட்டின் உச்சத்தில் எனக்குப் பயங்கர இருமல். பிரபு துள்ளினான்: "அண்ணா! அதான்! நிறுத்தாதீங்க!" இருமல் என்று சொல்லவில்லை. கலைஞனுக்குக் கொஞ்சம் ரகசியம் வேண்டாமா?

ஜூலை 15, செவ்வாய்

தூறல். தொண்டை கட்டிவிட்டது. ஆபீஸில் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மேனேஜர் இரக்கப்பட்டு அரை நாள் விட்டார். நேராக ராஜகீழ்ப்பாக்கம். முதல் மிக்ஸ், அதாவது குரலும் வாத்தியமும் சேர்த்த பாட்டு, ஹெட்போனில். கிடார் சுவர் மாதிரி நிற்கிறது. டிரம்ஸ், ஆலங்கட்டி மழை. என் குரல்? சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ கட்டிலை நகர்த்துவது போல.

பிரபு என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "தப்பா நெனைக்காதீங்கண்ணா. பெங்களூர்ல ஒரு பையன் இருக்கான். ஃபைல் அனுப்பினா உடனே பாடிக் கொடுத்துடுவான்."

"என்ன வயசு?"

"காலேஜ் இப்பதான் முடிச்சான்."

என்னுடைய பெல்ட் அவனைவிட மூத்ததாக இருக்கும். கெஞ்சினேன். கடைசியில் ஓர் ஏற்பாடு. எந்த மிக்ஸையும் காரில் ஓட்டிக் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டுமாம், இந்தத் தொழிலில் அப்படி ஒரு வழக்கம். பிரபுவிடம் பைக்தான். எனவே சனிக்கிழமை என் கார். அதில் என் குரல் எடுபட்டால் நான். இல்லாவிட்டால் பெங்களூர்.

வீட்டில் சொன்னேன். மீனா: "அந்தப் பையன்கிட்ட பட்டுப்புடவை இருக்கான்னு கேட்டீங்களா?" கேலிதான். ஆனால் கேட்காமலேயே அதிமதுரம் போட்டு வெந்நீர் கொடுத்தாள்.

ஜூலை 19, சனி

மழை கழுவிவிட்ட பளிச் வெயில். காரில் மூன்று பேர். "தீர்ப்புக்கு சாட்சி வேணாமா?" என்று மீனாவும் ஏறிக்கொண்டாள். இந்தக் காரில் இதுவரை செய்தி தவிர எதுவும் கேட்டதில்லை.

போட்டான். என் குரல்! கிடாரைக் கிழித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக!

பிரபு வாயைப் பிளந்தான். "குரல் ஓகேண்ணா. அடி கனமே இல்ல, பேஸும் டிரம்ஸும்தான் பத்தல." லேப்டாப்பை மடியில் வைத்து அவை இரண்டின் சத்தத்தையும் ஏற்றினான். மேடவாக்கம் வருவதற்குள் இன்னும் ஏற்றினான். அப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே நான்.

சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், உள்ள யார்னா மாட்டிகினாங்களா?"

"நான்தாம்பா அது!" என்று மார்தட்டினேன்.

"ஹெட்போன் ஏமாத்திடுச்சுண்ணா," என்றான் பிரபு. "இதான் ஃபைனல். பெங்களூர் கேன்சல்."

அப்படியே கோவளம். வறுத்த வஞ்சிரம், கடற்காற்று. கடைக்கார அக்கா, "இன்னாம்மா, ஒரே குஷியா கீறீங்க?" மீனா சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் பாட்டு பாடியிருக்காரு." பாட்டு என்றாள்! சத்தம் என்று சொல்லவில்லை. முள் தொண்டையில் சிக்கியது போல நடித்து சமாளித்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஆல்பம் இணையத்தில் ஏறிவிட்டது. சொந்தக்காரர் ஒருவர் விடாமல் அனுப்பினேன். கல்யாணப் பத்திரிகைகூட இவ்வளவு பேருக்குப் போகவில்லை. செருப்பில் ஸ்பிரிங் வைத்தது போல நடக்கிறேன்.

ஜூலை 26, சனி

வாரம் முழுக்கப் பாராட்டு. ஆபீஸ் சேகர்: "டிரம்ஸ் தூள், பேஸ் செம. நீ எந்தப் பாட்டுல பாடியிருக்க?" குறும்பு பிடித்தவன். மீனாவின் தம்பி: "எல்லாம் கேட்டுட்டேன் மாமா, சூப்பர். நீங்க பாடினது தனியா வருமா?" இவனுக்கு எப்போதும் என்மேல் பொறாமை.

காரை சர்வீஸுக்கு விட்டேன். மெக்கானிக் கதவின் உள் அட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "சார், நாலு டோர்லயும் ஸ்பீக்கர் ஒயரை எலி கட்ச்சி வெச்சிக்கீது. கண்ணாடி ஓரத்துல கீற குட்டி ஸ்பீக்கர் ஒண்ணுதான் பேசிகினு கீது. அதுல கரகரன்னு குரலு வரும், டிரம்ஸு பேஸு அடியெல்லாம் வராது."

எப்போதிலிருந்து இருக்கும் என்று கேட்டேன்.

"செம்பு பச்சை பூத்துப்போச்சு சார். பொங்கலுக்கு முன்னாடியே."