இடது காலுக்கு ஒரு வாளி, வலது காலுக்கு ஒரு வாளி

என்னங்க, நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் பிள்ளைகளும் சுகம்தானே? நாள் முழுக்க பஸ்ஸில் நின்றே டிக்கெட் கிழிக்கும் உங்கள் கால்கள் எப்படி இருக்கின்றன?

இங்கே சலவைக்கூடத்தில் நின்று நின்று இஸ்திரி போட்டதில் என் கால்கள் லேசாக வீங்கிவிட்டன. பதறாதீர்கள், செருப்பு மாட்ட முடிகிறது. என் அறையில் தங்கியிருக்கும் சமையல்கார அக்கா, "புதினா போட்ட வெந்நியில காலை வைடி, வலி ஓடிடும்" என்றார். என் வீட்டுக்காரர் இடித்த நொச்சிப் பொடிக்குத்தான் கேட்கும் என்றேன் நான். பேச்சு முற்றி, இடது கால் அக்காவின் வாளியில், வலது கால் உங்கள் பொடி போட்ட வாளியில்!

இரண்டிலும் அதே வெந்நீர், அதே உப்பு. வலது கால் மட்டும் வலி மறந்து தூங்கியே போனது. நொச்சியோடு வேறு என்னதான் சேர்க்கிறீர்கள்?

"எதுடி ஜெயிச்சுது?" என்றார்.

"உங்களதுதான்க்கா."

உண்மையைச் சொன்னால் அவரும் பொடி கேட்பாரே. டப்பாவில் ஒரு பிடிதான் மிச்சம். சொன்ன பொய்க்காக இப்போது தினமும் இரண்டு காலும் புதினாத் தண்ணீரில். உங்கள் டப்பாவைத் திறந்து, மோந்து பார்த்துவிட்டு மூடி வைக்கிறேன்.

இஸ்திரிப் பெட்டி சூடாகிவிட்டது. பொடி அனுப்புங்கள், அக்காவுக்கும் சேர்த்தே.

உங்கள் வீட்டுக்காரி