பதில் சொன்னவர்

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து சாரல். மேற்கே மலையே தெரியவில்லை. துணி இரண்டு நாளாகக் கொடியில்.

செய்ய வேண்டியது: மகள் நஸ்ரினுக்கு மழைக்கோட்டு. ஸ்கூட்டர் பிரேக். கருத்தரங்கக் கட்டுரை, வெள்ளி மதியத்துக்குள்.

கட்டுரை: வேலைக்குப் போவதில் ஆண்-பெண் இடைவெளி, இந்தியாவும் வியட்நாமும். படம் தயார். வியட்நாமில் ஆண் கோடும் பெண் கோடும் பக்கத்துப் பக்கத்தில். நம்முடைய இரண்டு கோட்டுக்கும் நடுவே லாரியே போகலாம். படம் போட்டது நான் இல்லை, சபூரா. எம்.எஸ்ஸி. கணக்கு, பி.எட். கல்லூரியில் பொருளாதாரம் நடத்துவது நான், ஆனால் எக்செல் என்றால் பெண்டாட்டியைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. கட்டுரையில் அவள் பெயர் எங்கேயும் இல்லை.

சாயந்திரம் டீ கொடுக்கும்போது, கூடலூர் ஸ்கூலில் இருந்து போன் வந்ததா என்று கேட்டாள். கணக்கு டீச்சர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். இல்லை என்றேன். மூன்றாவது தடவை.

வந்தது. போன புதன்கிழமை. விண்ணப்பத்தில் என் நம்பர். கேஸ், ரேஷன், நஸ்ரின் பள்ளிக்கூடம், எங்கள் வீட்டில் எல்லாப் பாரத்திலும் என் நம்பர்தான். அவளிடமும் போன் இருக்கிறது. இருந்தாலும் பழக்கம் அப்படி. வியாழன் பத்து மணிக்கு நேரில் வரச் சொன்னார்கள். சொல்ல மறந்துவிட்டேன். அன்றைக்குக் கல்லூரியில் ஏகப்பட்ட வேலை.

ஜூலை 15, செவ்வாய்

லீவு போட்டு, கம்பத்திலிருந்து பஸ் பிடித்துக் கூடலூர். கட்டுரைக்கு நாலு வீட்டுப் பேச்சும் இருந்தால் நல்லது என்று. ஏழு வீடு ஏறினேன். குடை இல்லை, பேப்பரெல்லாம் ஈரம்.

மூன்றாவது வீடு. கட்டிலில் ஒருத்தர், டி.வி.யில் பழைய சண்டைப் படம். பெண்டாட்டி என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டேன்.

"அவளா? அவ வேலைக்கெல்லாம் போகல சார். சும்மா வீட்லதேன் இருக்கா."

வீட்டில் ஆளைக் காணோம். எங்கே என்றேன்.

"ஏலக்காய் எடுக்கப் போயிருக்கா. அஞ்சு மணி ஜீப்பு. பொழுது சாயத்தேன் வருவா."

கேலி இல்லை, மறைக்கவும் இல்லை. தினமும் மலையேறிக் கேரளா எஸ்டேட்டுக்குப் போய் வருகிறவள் அவர் கணக்கில் சும்மா இருக்கிறாள். ஏழில் ஐந்து வீட்டில் ஆண்கள்தான் பதில் சொன்னார்கள். பதினொரு மணிக்குப் போனால் பெண்கள் எப்படி வீட்டில் இருப்பார்கள். எனக்கு ஒரே குஷி, கட்டுரைக்குப் புதுப் பத்தி கிடைத்துவிட்டது. பஸ்ஸிலேயே தலைப்பு எழுதிவிட்டேன்: 'பெண்ணுக்காக ஆண் சொல்லும் பதில்'.

வீட்டுக்கு வந்து நான் சொல்லச் சொல்ல சபூரா அட்டவணை அடித்தாள். ஊர், படிப்பு, வேலை, பதில் சொன்னவர். ஏழு வரிசை. பாதியில் கையை எடுத்தாள்.

"வியட்நாம்ல பொம்பளைககிட்டயே கேப்பாகளா?"

தெரியாது என்றேன். அவள் மறுபடி அடிக்க ஆரம்பித்தாள்.

ஜூலை 16, புதன்

மழை விட்டது. மதிய இடைவேளையில் கல்லூரி வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று அந்த ஸ்கூலுக்குப் போன் போட்டேன். இன்னொரு நாள் வரலாமா என்று கேட்க. எடுத்தது போன வாரம் கூப்பிட்ட அதே அம்மா.

"அன்னைக்கு நீங்கதான சார் பேசுனது? அவுகளுக்கு இப்ப வசதிப்படாது, வேற ஆளப் பாத்துக்கங்கன்னு சொன்னீக. வேற டீச்சர் சேந்துட்டாகளே."

திங்கள்கிழமை எழுதியது பொய். மறக்கவில்லை. யாரும் பார்க்காத நோட்டில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன்.

போன் வந்தபோது என்ன நினைத்தேன்? நஸ்ரினை யார் வேன் ஏற்றுவது. என் சாப்பாட்டு டப்பா. அதுகூட இல்லை. வெள்ளிக்குள் கட்டுரை, படம் யார் போடுவது. அதைத்தான் நினைத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. கட்டிலில் கிடந்த ஆளாவது கேட்டதும் உண்மையைச் சொன்னார். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

மழைக்கோட்டு வாங்கியாச்சு. ஒரு அளவு பெரிசு.

சபூரா இன்னொரு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள், சின்னமனூர் ஸ்கூலுக்கு. போன் நம்பர் கட்டம் வந்ததும் நிமிர்ந்து, "உங்க நம்பரே போடவா?" என்றாள். இன்றைக்கு விட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. சொன்னேன்.

திட்டவில்லை. அழவும் இல்லை.

"அவுககிட்ட என்ன சொன்னீக? சொன்னது மாதிரியே சொல்லுங்க."

சொன்னேன். 'வசதிப்படாது' என்று வாய்விட்டுச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நீங்க கூடலூர் போனப்ப அந்த ஸ்கூலயும் எட்டிப் பாக்கச் சொல்லலாமான்னு நெனச்சுட்டு இருந்தேன். தொந்தரவா இருக்கும்னு விட்டுட்டேன்."

அவ்வளவுதான். தன் நம்பரை எழுதி மடித்து உறையில் போட்டாள். பிறகு இட்லிக்கு மாவு ஆட்டப் போனாள். மன்னிப்புக் கேட்டது கிரைண்டர் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை. இன்னொரு தடவை கேட்கத் தைரியம் வரவில்லை.

ஜூலை 18, வெள்ளி

வெயில். ஜும்மாவுக்குப் போவதற்கு முன்னால் கட்டுரையை அனுப்பணும். சபூரா நஸ்ரினை வேன் ஏற்றிவிட்டு நேரே தபால் ஆபீஸ் போயிருக்கிறாள்.

லேப்டாப்பைத் திறந்தேன். படம் சரியாக இருக்கிறது. பக்க எண் போட்டிருக்கிறாள், என் எழுத்துப்பிழைகளையும் திருத்தியிருக்கிறாள். அட்டவணையில் ஏழு வரிசைதான் சொன்னேன். எட்டு இருக்கிறது.

ஊர்: கம்பம். படிப்பு: எம்.எஸ்ஸி., பி.எட். வேலை: வசதிப்படாது. பதில் சொன்னவர்: கணவர்.