பிரேக் பிடித்த இடத்திலிருந்து

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மாமா எழுதுவது. அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும்.

நடந்தது அத்தனையும் நான் முன்னாடியே சொன்னதுதான். உன் அத்தையைக் கேட்டால் இல்லை என்பாள், நம்பாதே. மலை ரயிலை நீ மேலே ஓட்டிப் போகும்போது மேல் வளைவில் மாடு குறுக்கே வரும், நீ ஒரேயடியாக பிரேக் போடுவாய், திரும்பி இறங்கும்போது அதே இடத்தில் கடைசிப் பெட்டி தண்டவாளத்தை விட்டு இறங்கும், பழி உன் தலையில் விழும் என்று வரிசையாகச் சொன்னேன். மாட்டின் நிறம் மட்டும்தான் தப்பாகிவிட்டது.

யாருக்கும் அடிபடாததால் ஆபீசில் எல்லாருக்கும் வாய் நீண்டுவிட்டது. மாடு விலகியதும், பாதை பார்க்க வண்டியோடு வந்த நான் பிரேக் பிடித்த இடத்திலிருந்து வண்டி நின்ற இடம் வரை நடந்து பார்த்து, பாதை சரி என்று ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டிருக்கிறேனாம். அதனால் நீதான் வேகமாக இறங்கியிருக்கிறாய் என்கிறார் மானேஜர். சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் தண்டவாளத்துக்குக் காய்ச்சலா ஜலதோஷமா என்று சொல்லிவிடுகிற ஆள் நான். என் கையெழுத்தை வைத்தே உன்னை மடக்குகிறார்கள்.

தப்பை ஒப்புக்கொள்ளச் சொல்லி ஒரு காகிதம் அனுப்பியிருப்பார்கள். அதில் கையெழுத்துப் போடாதே. திங்கட்கிழமை விசாரணைக்கு நான் போகிறேன். சட்டைகூடத் தேய்த்து வைத்துவிட்டேன். என் வேலை போனால் போகட்டும். மானேஜரே நடுங்கும்படி பேசப்போகிறேன் என்று நேற்று அத்தையிடம் சொன்னேன். அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "முழுசா நடந்தீங்களா, இல்லையா?"

நடக்கவில்லையம்மா. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தது நிஜம். கடைசிப் பெட்டிக்கு வந்தபோது சுற்றுலா வந்தவர்கள் கீழே இறங்கிப் படம் எடுத்தார்கள். சரியாக இருக்கிற தண்டவாள ஆணியை இன்னொரு தரம் தட்டச் சொன்னார்கள். மீசையை முறுக்கிக்கொண்டு ஏழெட்டுத் தரம் தட்டினேன். கை தட்டினார்கள். அந்த மிதப்பில் உனக்குப் பச்சைக்கொடி காட்டிவிட்டேன். பெட்டிக்குப் பின்னால், நீ முதலில் பிரேக் பிடித்த அந்த நாற்பது அடிக்கு நான் போகவே இல்லை. பெட்டி இறங்கியதும் அங்கேதான்.

நீ மறுபடி வண்டி எடுக்க வேண்டும். அதனால் திங்கட்கிழமை இதைத்தான் சொல்லப்போகிறேன்: முழுசாக நடந்தேன் என்று ரிஜிஸ்தரில் எழுதியது நான் கட்டிய கதை.

உன் மாமா