மன்னிப்பு மட்டும் கேட்கக் கூடாதாம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாரா? நான் நலம்.

பள்ளியில் ஒரு சின்ன விஷயம், பயப்பட வேண்டாம். பின்பக்க மாடிப்படியின் கைப்பிடி உடைந்து ஒரு சிறுமி விழுந்துவிட்டாள். கையில்தான் முறிவு. கைப்பிடி ஆடுகிறது என்று நிர்வாகத்திடம் முன்பே சொல்லியிருந்தேன். ஆனாலும் நான் தலைமையாசிரியை. வழக்கு வந்தால் என் தலையில்தான் விடியுமாம். படிக்குப் போகும் கதவை ஏன் பூட்டவில்லை என்று கேட்பார்களாம். பூட்டியிருந்து தீப்பிடித்தால், ஏன் பூட்டினாய் என்பார்கள். எது சரியென்று இன்னும் பிடிபடவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க மேடம், ஆனா மன்னிப்பு மட்டும் கேட்டுடாதீங்க. தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார் பள்ளி வக்கீல்.

போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் சிறுமியின் அம்மா எழுந்து, "மன்னிச்சிடுங்க மேடம், இவளால உங்களுக்கு எவ்வளவு அலைச்சல்" என்றாள். வெறுமனே தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கம்பளிச் சட்டையை அனுப்பும்போது வீட்டுத் தலையணை உறை ஒன்றும் வையுங்கள். துவைக்காததாக இருந்தாலும் பரவாயில்லை.

மணி அடிக்கிறது. நாளை மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். இந்த முறை வக்கீலிடம் கேட்கப்போவதில்லை.

உங்கள் மகள்